விளம்பர நிறுவனத்தில் கிரியேட்டிவ் வேலை: பிரீஃபிலிருந்து வெளியீடு வரை

விளம்பர நிறுவனத்தின் கிரியேட்டிவ் பிரிவில் சேர விரும்புகிறவர்கள், தங்களுக்குப் போதிய கற்பனை வளம் இருக்கிறதா என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பிறர் கொடுக்கும் சிக்கலை, பிறர் குறிக்கும் நாளுக்குள், பிறர் பணத்தில் தீர்த்துக் கொடுக்கும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா? இந்தத் துறையில் நிலைத்து நிற்பவர்களின் பலம், வேலையை அதற்குரிய வரிசையில் செய்வதில்தான் இருக்கிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். வரிசை தவறும்போதுதான் திருத்தங்கள் சுற்றுக்கு மேல் சுற்றாகப் போகின்றன, இரவுகள் அலுவலகத்தில் கழிகின்றன, நல்ல யோசனைகள் பாதியில் சாகின்றன. ஆகவே இங்கே கோட்பாடுகளைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வேலை வந்து சேரும் நிமிடத்திலிருந்து அச்சாகி வெளியே போகும்வரை நீங்கள் செய்ய வேண்டியதைப் படிப்படியாகப் பார்ப்போம். விளக்கத்துக்காக ஒரு கற்பனை வேலையை எடுத்துக்கொள்வோம்: பாக்கெட் இட்லி மாவு விற்கும் ஒரு நிறுவனத்துக்குச் சென்னையில் விளம்பரம் செய்ய வேண்டும்.

யார் என்ன செய்கிறார்கள்

விளம்பரம் கொடுக்கும் நிறுவனம்தான் கிளையன்ட். கிளையன்ட்டோடு தினமும் பேசுகிறவர்கள் கிளையன்ட் சர்வீசிங் பிரிவினர். யாரிடம் என்ன சொன்னால் எடுபடும் என்று ஆராய்கிறவர்கள் பிளானிங் பிரிவினர். சொற்கள் காப்பிரைட்டரின் பொறுப்பு, காட்சி ஆர்ட் டைரக்டரின் பொறுப்பு, இருவருக்கும் மேலே கிரியேட்டிவ் டைரக்டர். முடிவான வடிவத்தை அச்சுக்கும் திரைக்கும் ஏற்றபடி தயாரிப்பது ஸ்டூடியோ. சிறிய நிறுவனங்களில் இந்த வேலைகளில் இரண்டு மூன்றை ஒருவரே செய்வார். சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்கள் அலுவலகத்தில் எந்த வேலை யார் கையில் இருக்கிறது, இறுதி ஒப்புதல் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

படி 1: பிரீஃபை ஒரே வாக்கியமாக்குங்கள்

வேலையைப் பற்றிக் கிளையன்ட் தரும் குறிப்புதான் பிரீஃப். நம் மாவு நிறுவனத்தின் பிரீஃப் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: "நவீனக் குடும்பங்களுக்கான, ஆரோக்கியமான, வசதியான, சுகாதாரமான, பாரம்பரியச் சுவை மாறாத மாவு. இலக்கு: 22 முதல் 50 வயது வரை அனைவரும்." இதை வைத்துக்கொண்டு யோசிக்க உட்கார்ந்தால் ஐந்து திசையில் ஐந்து விளம்பரங்கள் வரும், எதுவும் தேறாது. முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். யாரிடம் பேசுகிறோம்? அவரிடம் எந்த ஒன்றைச் சொல்கிறோம்? அதற்கு என்ன ஆதாரம்? கிளையன்ட் சர்வீசிங் வழியாகக் கேட்டுப் பார்த்தால், போட்டி மாவுகளைவிட இது மெதுவாகப் புளிக்கிறது என்ற தகவல் பிரீஃபில் எங்குமே இல்லாமல் ஏதோ ஒரு சோதனை அறிக்கையின் உள்ளே கிடக்கக்கூடும். அது கிடைத்தால் பிரீஃப் இப்படிச் சுருங்கும்: வேலை முடிந்து வரும் வழியில் மாவு வாங்குகிற ஒருவரிடம், இந்த மாவில் மூன்றாம் நாளும் இட்லி வார்க்கலாம் என்று சொல்கிறோம், ஆதாரம், நிறுவனத்தின் சோதனை அறிக்கை.

குறிப்பு: சுருக்கிய வாக்கியத்தைக் கிளையன்ட் சர்வீசிங்குக்கு அனுப்பி, சரி என்ற பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே யோசிக்கத் தொடங்குங்கள்.

படி 2: பொருளையும் கடையையும் நேரில் பாருங்கள்

நல்ல வரிகள் பெரும்பாலும் மேசையில் பிறப்பதில்லை. விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி 1948-ல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்குவதற்கு முன் ஜார்ஜ் கேலப்பின் ஆய்வு அமைப்பில் வேலை பார்த்தவர். 1958-ல் அவர் எழுதிய ரோல்ஸ்-ராய்ஸ் விளம்பரத்தின் தலைப்பு, அறுபது மைல் வேகத்திலும் அந்தக் காருக்குள் பெரிதாகக் கேட்கும் சத்தம் மின்கடிகாரத்துடையதுதான் என்று சொல்லும். அந்தத் தகவலை அவர் கற்பனை செய்யவில்லை. காரைப் பற்றிய கட்டுரைகளையும் அறிக்கைகளையும் படித்துக்கொண்டே போனபோது, ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியதிலிருந்து எடுத்தார். படிப்பு முதலில், தலைப்பு பிறகு என்ற வரிசைதான் அந்த விளம்பரத்தை உண்டாக்கியது.

நம் மாவுக்கு வருவோம். ஒரு மாலை மளிகைக் கடையின் குளிர்பெட்டி அருகே நின்று பாருங்கள். வாங்குகிறவர்கள் பாக்கெட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள், தேதியைத் தேடுகிறார்கள், உப்பியிருந்தால் வைத்துவிட்டுப் பின்வரிசையிலிருந்து வேறொன்றை எடுக்கிறார்கள். வீட்டுச் சமையலறையிலும் ஒரு கணக்கு இருக்கிறது: அரைத்த மாவு முதல் நாள் இட்லிக்கு, அடுத்த நாள் தோசைக்கு, அதற்கப்புறம் ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும். இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு மட்டுமே "மூன்றாம் நாளும் இட்லி" எவ்வளவு பெரிய வாக்குறுதி என்பது புரியும். பிரீஃபில் இருந்த "நவீனம்", "வசதி" என்ற சொற்களால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

படி 3: இருவராக உட்காருங்கள், எண்ணிக்கையில் யோசியுங்கள்

ஒரு காலத்தில் அமெரிக்க நிறுவனங்களில் எழுத்தாளர் எழுதி முடித்த தாள்தான் ஓவியரின் மேசைக்குப் போகும். 1949-ல் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக், இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து அங்கே ஆர்ட் டைரக்டர் ஹெல்மட் குரோனும் காப்பிரைட்டர் ஜூலியன் கோனிக்கும் சேர்ந்து செய்த ஃபோக்ஸ்வேகன் விளம்பரம், பக்கத்தில் பெரும்பகுதியை வெற்றிடமாக விட்டு, மூலையில் சின்னதாக ஒரு காரை வைத்தது. சொல்லும் வெற்றிடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அப்படி ஒரு பக்கத்தைத் தனித்தனியே வேலை செய்து கொண்டுவருவது கடினம். இன்று உலகம் முழுவதும் காப்பிரைட்டரும் ஆர்ட் டைரக்டரும் ஜோடியாக வேலை செய்வது அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி.

ஜோடியாக உட்காரும்போது முதல் ஒரு மணி நேரம் எந்த யோசனையையும் வெட்டாதீர்கள். முதலில் தோன்றுபவை எல்லோருக்கும் தோன்றுபவை. அவற்றைத் தாளில் இறக்கிவைத்தால்தான் அடுத்தவை மேலே வரும். முப்பது நாற்பது வரி எழுதிய பிறகு, படி 1-ல் எழுதிய வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. கணினியை அதுவரை திறக்க வேண்டாம். பேனாவும் தாளுமாக இருக்கும்வரை யோசனையைப் பற்றிப் பேசுவீர்கள். திரைக்குப் போனதும் எழுத்துருவைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவீர்கள்.

படி 4: தமிழிலேயே யோசியுங்கள்

சென்னையில் வேலை செய்யும் தமிழ்க் காப்பிரைட்டருக்குப் பல நேரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ முடிந்துபோன விளம்பரம் வரும், "இதைத் தமிழில் போட்டுக் கொடுங்கள்" என்ற குறிப்போடு. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் "உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியமான தேர்வு" என்பது போன்ற வரிகள்தான் கிடைக்கும். எந்த வீட்டிலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. "புதன்கிழமை வாங்கின மாவு, வெள்ளிக்கிழமையும் இட்லி" என்பது வீட்டில் பேசக்கூடிய வரி. பியூஷ் பாண்டே என்ற விளம்பரப் படைப்பாளி 1982-ல் ஓகில்வி நிறுவனத்தில் சேர்ந்தபோது, இந்திய விளம்பரத் துறை பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசித்து மற்ற மொழிகளில் இறக்கிக்கொண்டிருந்தது. அவர் பேச்சு இந்தியில் யோசித்த விளம்பரங்கள் அந்தப் பழக்கத்தை மாற்றின. தமிழிலும் அதே நியாயம் செல்லும். மொழிமாற்ற வேலை வந்தால் மூல வரிகளை விடுத்து அதன் பிரீஃபைக் கேளுங்கள். கேட்டதை ஒரு வடிவமாகவும், தமிழிலேயே யோசித்ததை இன்னொரு வடிவமாகவும் கொடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கிளையன்ட்டுக்கு வேறுபாடு தெரியும்.

குறிப்பு: எழுதிய வரியை உரக்கச் சொல்லிப் பாருங்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வாய் தடுக்கும் வரி காதிலும் நிற்காது.

படி 5: உள்ளே வடிகட்டி, பிறகு முன்வையுங்கள்

கிரியேட்டிவ் டைரக்டரிடம் பத்து யோசனைகளைக் கொண்டுபோகாதீர்கள். மூன்று போதும், ஒவ்வொன்றும் வேறு வழியில் போக வேண்டும். அவர் நிராகரித்தால் காரணம் கேளுங்கள்: பிரீஃபிலிருந்து விலகியதா, வேறு யாரோ செய்துவிட்டதா, செலவுக்குள் அடங்காதா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. கிளையன்ட் முன் பேசும்போது, ஒப்புக்கொண்ட அந்த ஒற்றை வாக்கியத்தைத் திரும்பச் சொல்லித் தொடங்குங்கள், பிறகு விளம்பரத்தைக் காட்டுங்கள், கடைசியாக இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லுங்கள். இந்த வரிசையில் போனால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற பதில் வரும் இடத்தில் "இது நாம் பேசிய விஷயத்தைச் சொல்கிறதா?" என்ற கேள்வி வரும். விருப்பத்தோடு வாதாட முடியாது, கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

படி 6: திருத்தங்களை எழுத்தில், ஒரே தொகுப்பாக வாங்குங்கள்

திருத்தம் வருவது இயல்பு. அது தொலைபேசியில் பாதி, வாட்ஸ்அப்பில் பாதி, நான்கு பேரிடமிருந்து நான்கு விதமாக வருவதுதான் சிக்கல். கிளையன்ட் பக்கம் எல்லாரும் பேசி முடித்து, ஒரே மின்னஞ்சலில் அனுப்பும்படி சர்வீசிங் வழியாகக் கேளுங்கள். "லோகோவைப் பெரிதாக்குங்கள்" என்றால் அவர் சொல்லவருவது, யாருடைய விளம்பரம் என்று தெரியவில்லை என்பதாக இருக்கலாம். அந்தக் குறையைச் சரிசெய்ய வேறு வழியும் இருக்கலாம். கேட்ட மாற்றத்தையும் அதன் பின்னால் இருக்கும் காரணத்தையும் தனித்தனியே குறித்துக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

படி 7: ஆர்ட்வொர்க்கை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்

தமிழ் விளம்பரம் கடைசி நிமிடத்தில் கெடுவது இங்கேதான். யூனிகோடில் தட்டெழுதியதை வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது அமைப்பு பொருந்தாவிட்டால் "கொ", "கோ" போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், சில இடங்களில் புள்ளி காணாமல் போகும். தமிழ் படிக்கத் தெரியாத ஸ்டூடியோ ஊழியருக்கு அது கண்ணில் படாது. ஆகவே:

1. எழுத்துகளைக் கர்வாக (வடிவக் கோடுகளாக) மாற்றுவதற்கு முன் ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை முழுவதும் படியுங்கள். மாற்றிய பிறகு திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள்.
2. ஒற்று மிகும் இடங்கள், ர-ற, ல-ள-ழ, ன-ண வேறுபாடுகள், விலை, தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைத் தனித்தனிச் சுற்றில் பாருங்கள்.
3. அச்சு ப்ரூஃபைத் தாளிலேயே படியுங்கள். திரையில் தப்பும் பிழை தாளில் சிக்கும்.
4. இறுதி வடிவத்தில் கிளையன்ட்டின் ஒப்புதலைக் கையெழுத்தாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கிய பிறகே கோப்பை வெளியே விடுங்கள்.

பொதுவான தவறுகள்

1. பிரீஃப் முழுமையாக வருவதற்கு முன் வேலையைத் தொடங்குவது. மிச்சப்படுவது ஒரு நாள், போவது ஒரு வாரம்.
2. இணையத்தில் கிடைத்த ரெஃபரன்ஸ் படத்தையே இறுதி வடிவத்தில் விட்டுவைப்பது. படம், இசை, எழுத்துரு மூன்றுக்கும் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. கிளையன்ட் சர்வீசிங் பிரிவினரை எதிரணியாக நினைப்பது. பியூஷ் பாண்டேயே ஓகில்வியில் முதலில் சேர்ந்தது சர்வீசிங் பிரிவில்தான். கிளையன்ட்டின் பயம் என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.
4. விருதுக்காக மட்டும் விளம்பரம் செய்வது. யாரும் கேட்காத, எங்கும் வெளிவராத வேலை, போர்ட்ஃபோலியோவில் கேள்விக்கு உள்ளாகும்.
5. நிராகரித்த யோசனையைத் தன்னையே நிராகரித்ததாக எடுத்துக்கொள்வது. எழுதியதில் பெரும்பகுதி வெளிவராது என்பது இந்தத் தொழிலின் இயல்பு.

பாதுகாப்பு: சட்டம்

"மூன்றாம் நாளும் இட்லி" என்ற வரி ஒரு வாக்குறுதி. அதற்குச் சோதனை அறிக்கை இல்லையென்றால் வரியைக் கைவிட வேண்டும். 1985-ல் உருவான இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், விளம்பரத்தின் கூற்றுக்கு ஆதாரம் கேட்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் நடந்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். அந்தச் சட்டத்தின்கீழ் 2022-ல் வந்த வழிகாட்டுதல்கள் விளம்பர நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. குளிர்பெட்டியில் வைத்தால் மட்டுமே மூன்று நாள் என்ற நிபந்தனை இருந்தால், அந்தக் குறிப்பு கூற்று இருக்கும் மொழியிலேயே இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒரு விதி. தமிழ் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலக் குறிப்பு போடும் பழக்கம் இங்கே செல்லாது. மருந்து, மூலிகைப் பொருள் வேலை வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ன் சட்டம் தடுக்கிறது. இன்னொன்று: சம்பளத்துக்கு வேலை செய்யும்போது நீங்கள் படைப்பதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலில் நிறுவனத்துக்கே சேரும். போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டலாம் என்று சேரும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு: உடலும் மனமும்

நீண்ட நேர வேலையை ஆர்வத்தின் அடையாளமாகப் பேசும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. அதன் விலையை ஜப்பானில் நடந்தது காட்டியது. 2015 டிசம்பரில் டென்ட்சு என்ற விளம்பர நிறுவனத்தின் 24 வயது ஊழியர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மாதம் நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கூடுதல் வேலைதான் காரணம் என்று தொழிலாளர் துறை அலுவலகம் ஏற்றது. 2017-ல் டோக்கியோ நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் யென் அபராதம் விதித்தது. புதிய கிளையன்ட்டைப் பெறப் போட்டியிடும் பிட்ச் நாட்களில் இரவு வேலை வரத்தான் செய்யும். அது வாராவாரம் வந்தால் அங்கே திட்டமிடுதலில் கோளாறு இருக்கிறது என்று பொருள். வேலை நேரத்தைத் தேதியோடு குறித்துவையுங்கள். தாமதமாகும் இரவுகளில் வீடு திரும்ப வண்டி ஏற்பாடு யாருடைய பொறுப்பு என்று முன்பே கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருப்பது 2013-ன் சட்டப்படி கட்டாயம். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தூக்கம் கெட்டு, மனம் தளர்ந்து, தாங்க முடியவில்லை என்று தோன்றினால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

எழக்கூடிய மறுப்புகள்

வரிசை வரிசை என்று கட்டிப்போட்டால் கற்பனை செத்துவிடாதா என்று கேட்கலாம். ஜேம்ஸ் வெப் யங் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர், யோசனை பிறப்பதையே ஐந்து கட்டங்களாக வகுத்தார்: தகவல் திரட்டுவது, அதை மனத்தில் அசைபோடுவது, சிறிது நேரம் விட்டுவிடுவது, யோசனை வந்து சேர்வது, அதைச் செதுக்கி நடைமுறைக்குக் கொண்டுவருவது. யோசனை வரும் அந்த ஒரு நொடியை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நான்கும் நம் கையில் இருக்கின்றன. வரிசை அந்த நான்கையும் பார்த்துக்கொள்வதால்தான் நடுவில் இருப்பதற்கு நேரம் கிடைக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேலையே இருக்குமா என்பது இரண்டாவது மறுப்பு. அது நியாயமான கவலை. நாற்பது வரிகளை நிமிடத்தில் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டதால், வரி எழுதுவதை மட்டுமே தெரிந்துவைத்திருப்பவரின் இடம் சுருங்கும். ஆனால் கடையின் குளிர்பெட்டி அருகே நின்று பார்ப்பதும், சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குவதும், வெளியே போகும் கூற்றுக்குப் பொறுப்பேற்பதும் மனிதர் வேலைகள். 2025-ன் கான் லயன்ஸ் விளம்பர விருது விழாவில் பிரேசில் நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்த உயர் விருது, அதன் விளக்கப் படத்தில் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய காட்சிகள் இருந்தது தெரிந்ததும் திரும்பப் பெறப்பட்டது. கருவியைப் பயன்படுத்துங்கள், அது தருவதைச் சரிபார்க்கும் பொறுப்பை மட்டும் கைவிடாதீர்கள்.

நிறுவனத்தின் பெயர்தான் முக்கியம், பெரிய இடத்தில் சேர்ந்தால் போதும் என்பது மூன்றாவது. பெரிய இடத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் 1864-ல் வேரூன்றிய ஜே. வால்டர் தாம்சன் என்ற பெயர் 2018-லும் 2023-லும் அறிவித்த இணைப்புகளில் கரைந்துபோனது. சென்னையில் ஆர்.கே. சுவாமி 1973-ல் தொடங்கிய நிறுவனம் இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. எந்தப் பெயர் நிற்கும் என்று இருபத்திரண்டு வயதில் யாராலும் கணிக்க முடியாது. எந்த இடத்திலும் உங்களோடு வருவது, நீங்கள் செய்து வெளிவந்த வேலையும் நீங்கள் பழகிய முறையும்தான்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. என் வேலையை முதலில் பார்த்துக் கருத்துச் சொல்பவர் யார்? அவர் தினமும் அலுவலகத்தில் இருப்பாரா?
2. பிரீஃப் எழுத்தில் வருமா?
3. எத்தனை கிளையன்ட்களுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்?
4. வார விடுமுறையில் வேலை வந்தால் மாற்று விடுப்பு உண்டா?
5. தமிழ் வேலை தமிழிலேயே தொடங்குமா, மொழிமாற்றமாக மட்டும் வருமா?

இவற்றில் முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் சேராதீர்கள். பதில் வந்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் சேருங்கள். முதல் வேலையிலிருந்தே இந்த ஏழு படிகளையும் ஒன்றுகூட விடாமல் செய்யுங்கள். ஆறு மாதத்தில் வேகம் தானாக வரும்.